தவறிய இடம் எது?



சென்ற ஆண்டு சூன் திங்களில் ஒரு ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னும் ஒரு தாய் மட்டும் கோவில் வாயிலில் நின்றுகொண்டிருந்தார். தூணின் பின்னே பாதி மறைந்தவனாய் அவருடைய மகன். நம் பீடச் சிறுவருள் ஒருவன். அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருந்தான்.

"சாமி, இவனுக்கு மற்றப் பாடமெல்லாம் எப்படியோ ஓடுகிறது, கணக்கு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. போன முழு ஆண்டுத் தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று. காலாண்டிலும் இப்படியே வாங்கினால் புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டுத் தம்மோடு வேலைக்கு வரட்டும் என்கிறார் இவன் அப்பா" என்றார் அத்தாய்.

தந்தை கொத்தனார். நல்ல உழைப்பாளி, தீய பழக்கம் எதுவும் இல்லாதவர். மகன் மீது வெறுப்புக் கொண்டு அவர் அப்படிச் சொல்லவில்லை. படிப்பு ஏறாத பிள்ளையை ஆண்டுக்கணக்கில் வகுப்பில் உட்கார வைத்து அவமானப்படுத்துவதைவிட, ஒரு கைத்தொழிலாவது பழகட்டும் என்பதே அவர் எண்ணம். இத்தகைய தந்தையர் நம் பங்குகளில் பலர் உண்டு.

மாலைதோறும் செபமாலைக்கு முன் அரைமணி நேரம் பங்கு இல்லத் திண்ணையில் அவனுக்குக் கணிதம் சொல்லித் தருவதாக நாம் ஒப்புக்கொண்டோம். அப்போது நம் உள்ளத்தில் சற்றுப் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன்? பள்ளி நாட்களில் கணிதம் நமக்கு எளிதாக வந்த பாடம். இரண்டே வாரத்தில் இவனை நிமிர்த்திவிடலாம் என்று எண்ணினோம். அந்தப் பெருமை எப்படி உடைந்தது என்பதையே இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதல் மூன்று மாலைகளில் நாம் பேசினோம், அவன் கேட்டான். 'பக்கம் மாறினால் குறி மாறும்', 'ஒத்த உறுப்புகளை மட்டுமே கூட்டலாம்' என்று இயற்கணித விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தோம். ஒவ்வொரு விதியின் முடிவிலும் "புரிகிறதா?" என்போம். "புரிகிறது சாமி" என்பான். கணக்கைக் கொடுத்தால் தவறாகச் செய்வான். அதே விதியை மீண்டும் சொல்வோம், முன்னிலும் உரத்த குரலில். உரக்கச் சொன்னால் உள்ளே இறங்கிவிடும் என்பது கற்பிப்போர் பலருக்கும் உள்ள மூடநம்பிக்கை. நமக்கும் இருந்தது.

நான்காம் நாள் ஒரு கணக்குக் கொடுத்தோம். 3 எக்ஸ் + 5 = 32; எக்ஸின் மதிப்பு என்ன? சிறிது நேரம் எழுதிவிட்டு நிமிர்ந்து, "4" என்றான், நம்பிக்கையோடு. நம் பொறுமை அறுந்தது. உள்ளங்கையால் மேசையில் ஓங்கி அறைந்தோம். "இதுகூடத் தெரியாதா? எட்டு ஆண்டுகளாகப் பள்ளியில் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்றோம்.

அவன் அழவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "இப்போது புரிந்துவிட்டது சாமி" என்றான். நாம் இன்னும் எதையும் விளக்கவே இல்லை. அதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டதாம்! போதும், என்னை விட்டுவிடுங்கள் என்பதே அச்சொல்லின் பொருள் என்பதை உணர நமக்கு அன்றைய இரவு முழுவதும் தேவைப்பட்டது. மறுநாள் மாலை திண்ணை வெறுமையாகக் கிடந்தது.

பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியின் வாழ்க்கை அப்போது நினைவுக்கு வந்தது. 1786 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு அருகே உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், இருபது வயதை ஒட்டிய பருவத்தில்தான் குருத்துவப் படிப்பைத் தொடங்கினார். இலத்தீன் மொழி அவருக்கு ஏறவே இல்லை. எக்குல்லி என்னும் ஊரின் பங்குக் குருவான பாலே அடிகளார் தம் இல்லத்திலேயே அவருக்குப் பாடம் சொல்லித் தந்தார். உடன் பயின்ற மத்தியாஸ் லோராஸ், வயதில் இளையவராயினும் படிப்பில் கெட்டிக்காரர். வியான்னிக்கு உதவி செய்யும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஒருநாள் எத்தனை முறை சொல்லியும் வியான்னிக்கு விளங்காததால் பொறுமை இழந்த லோராஸ், எல்லார் முன்னிலையிலும் அவரை அடித்துவிட்டார். வியான்னியோ அந்த இளைஞர் முன் முழந்தாளிட்டுத் தம் மந்த அறிவுக்காக மன்னிப்பு வேண்டினார். அதைக் கண்ட லோராஸ் கண்ணீர் விட்டு அவரைத் தழுவிக்கொண்டார். பிற்காலத்தில் இந்த லோராஸ் மறைபரப்புப் பணிக்காக அமெரிக்கா சென்று, 1837 இல் டூபியூக் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார்.

இந்நிகழ்ச்சியை எத்தனையோ மறையுரைகளில் நாம் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் வியான்னியின் தாழ்ச்சியைப் புகழ்ந்தோம். அந்தக் கதையில் நம் இடம் லோராஸின் இடம் என்பது அன்றுதான் விளங்கியது.

மந்தையில் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு, தவறிய ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் உவமையை நாம் அறிவோம். அந்த ஆயன் குன்றின் மேல் நின்றபடி, ஆட்டை நோக்கி உரக்கக் கூவிக்கொண்டிருக்கவில்லை. அது தவறிய இடத்திற்கே இறங்கிச் சென்றான். நாமும் புறப்பட்டு அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றோம்.

முந்திய நாள் சினந்தது நம் தவறு என்று பெற்றோர் முன்னிலையிலேயே சொல்லி அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. "விடுங்கள் சாமி. அவன் மண்டையில் ஏறாததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? எனக்கும் கணக்கு வராது. எங்கள் பரம்பரைக்கே வராது" என்றார். நாம் அதற்கு மறுமொழி கூறாமல் சிறுவன் பக்கம் திரும்பி, நான்கு நாட்களாகக் கேட்கத் தவறியிருந்த கேள்வியைக் கேட்டோம். "தம்பி, 4 என்ற விடை உனக்கு எப்படி வந்தது?"

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "மூன்றும் ஐந்தும் எட்டு, சாமி. பக்கத்தில் எக்ஸ் நிற்கிறது. அதை விட்டுவிட முடியாதே. அதனால் 8 எக்ஸ். எண்ணான்கு முப்பத்திரண்டு. ஆகவே 4."

நாம் வாயடைத்துப் போனோம். கூட்டல் சரி, வாய்பாடு சரி, வகுத்தல் சரி. ஒரே ஓர் இடத்தில் மட்டும் வழி மாறியிருக்கிறான். மூன்று எக்ஸோடு ஐந்தைக் கூட்டினால் எட்டு எக்ஸ் ஆகாது என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? கூட்டல் குறியைக் கண்டால் கூட்டி முடித்துவிட வேண்டும் என்றே முதல் வகுப்பிலிருந்து பழகியவன் அவன். கூட்டாமல் விட்டு வைக்க வேண்டிய கூட்டலும் உண்டு என்பதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. அறிவின்மை என்று நாம் கருதியது, தான் கற்றதை உண்மையோடு கடைப்பிடித்ததன் விளைவேயாகும்!

அவ்வீட்டுப் பரணில் ஒரு பழைய கைத்தராசு தொங்கிக்கொண்டிருந்தது. அத்தாய் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். மின்னணுத் தராசு வாங்கியபின் அதை மேலே போட்டுவிட்டாராம். அதை இரவலாகக் கேட்டு வாங்கிக்கொண்டோம். மறுநாள் மாலை, ஞாயிறு காணிக்கையில் சேர்ந்திருந்த ஒரு ரூபாய் நாணயங்களுள் ஒரே வகையானவற்றைப் பொறுக்கி எடுத்தோம். ஏனெனில் ஒரு ரூபாய் நாணயங்களிலேயே எடை வேறுபட்ட பல வகைகள் உண்டு. மெல்லிய காகிதத்தில் ஒரே அளவான மூன்று பொட்டலங்கள் மடித்தோம். உள்ளே எத்தனை நாணயம் என்பதை அவனிடம் சொல்லவில்லை. ஒரு தட்டில் மூன்று பொட்டலங்களும் ஐந்து தனி நாணயங்களும். மறு தட்டில் முப்பத்திரண்டு நாணயங்கள். தராசு முள் நேராக நின்றது.

"இதுதான் நேற்றைய கணக்கு. பொட்டலத்தின் பெயர் எக்ஸ். இங்கே எட்டுப் பொட்டலம் இருக்கிறதா?" என்றோம். அவன் சிரித்துவிட்டான். திண்ணையில் அவன் சிரித்தது அன்றுதான் முதன்முறை.

"பொட்டலத்தைப் பிரிக்காமல் உள்ளே எத்தனை என்று சொல்ல முடியுமா?" அவன் நெடுநேரம் தராசையே பார்த்தான். விடை நம் நாவின் நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டோம். பின்னர் அவனாகவே இத்தட்டிலிருந்து ஐந்து நாணயங்களை எடுத்தான். முள் சாய்ந்தது. உடனே அத்தட்டிலிருந்தும் ஐந்தை எடுத்தான். முள் நிமிர்ந்தது. எஞ்சிய இருபத்தேழு நாணயங்களை மூன்று குவியலாகப் பிரித்து, "ஒன்பது, சாமி" என்றான். பொட்டலத்தை அவிழ்த்து எண்ணிப் பார்த்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று நாம் மூன்று நாட்கள் முழங்கியது இதைத்தான். எந்த எண்ணும் தானாக வேலி தாண்டிக் குதித்துக் குறியை மாற்றிக்கொள்வதில்லை. இரு பக்கமும் ஒன்றுபோல் எடுக்கிறோம், அல்லது ஒன்றுபோல் சேர்க்கிறோம், அவ்வளவே. 1557 ஆம் ஆண்டில் சமக்குறியை முதன்முதல் அச்சில் பயன்படுத்திய வேல்சு நாட்டு மருத்துவர் இராபர்ட் ரெக்கார்டு, ஒரே நீளமுள்ள இரு இணை கோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்று கருதியே அக்குறியைத் தேர்ந்தார். அச்சிறுவனோ அது 'விடையை இங்கே எழுது' என்னும் கட்டளை என்றே அதுவரை எண்ணியிருந்தான். தராசின் முள் அது என்பதை அன்று கண்டுகொண்டான்.

அடுத்து இன்னொன்றையும் கற்பித்தோம். "நேற்று நீ சொன்ன 4-ஐ எக்ஸின் இடத்தில் வைத்துப் பார்." மூன்று நான்கு பன்னிரண்டு, ஐந்து சேர்த்தால் பதினேழு, முப்பத்திரண்டு வரவில்லை. "9-ஐ வைத்துப் பார்." இருபத்தேழும் ஐந்தும் முப்பத்திரண்டு. தன் விடை சரியா தவறா என்று அறிய ஆசிரியரின் முகத்தையும் சிவப்பு மையையும் எதிர்பார்த்திருந்த பிள்ளைக்கு, தானே சரிபார்த்துக்கொள்ளும் வழி கிடைத்தது. அதன்பின் அவன் நம் முகத்தைப் பார்ப்பது குறைந்தது; தாளைப் பார்ப்பது கூடியது.

அடுத்த தடுமாற்றம் குறை எண்களில். குறை மூன்றிலிருந்து மேலும் நான்கைக் கழித்தால் கூட்டல் ஏழு என்று எழுதினான். இம்முறை சினவாமல், எப்படி வந்தது என்று கேட்டோம். "மைனசும் மைனசும் பிளஸ், சாமி" என்றான். பெருக்கலுக்கு உரிய விதியைக் கழித்தலுக்கு இழுத்து வந்திருக்கிறான். மேலும் கேட்கக் கேட்க உண்மை வெளிவந்தது. ஏழாம் வகுப்புத் தொடக்கத்தில் அம்மை கண்டு மூன்று வாரம் பள்ளிக்குச் செல்லவில்லை. குறை எண்களின் கணக்குகள் அந்த மூன்று வாரத்தில்தான் நடந்து முடிந்தன. அதன்பின் வந்த ஒவ்வொரு பாடமும் அந்த விரிசலின் மேல் எழுப்பிய சுவராயிற்று. பதினொரு மதிப்பெண்ணின் காரணம் மண்டையிலும் இல்லை, பரம்பரையிலும் இல்லை. அம்மை கண்ட மூன்று வாரத்தில் இருந்தது!

பிரம்மகுப்தர் என்னும் நம் நாட்டுக் கணித அறிஞர் 628 ஆம் ஆண்டிலேயே மிகை எண்களை உடைமை என்றும் குறை எண்களைக் கடன் என்றும் கொண்டு அவற்றின் விதிகளை வகுத்தார். நாமும் அவ்வழியைப் பின்பற்றினோம். "கடையில் மூன்று ரூபாய் கடன், மறுநாள் இன்னொரு நான்கு ரூபாய் கடன். உன் நிலை என்ன?" "ஏழு ரூபாய் கடன்" என்றான் உடனே. "நான்கு ரூபாய்க் கடன் மூன்று சீட்டில் இருக்கிறது. கடைக்காரர் மனமிரங்கி மூன்று சீட்டையும் கிழித்துவிட்டார். உனக்கு இழப்பா, ஆதாயமா?" "பன்னிரண்டு ரூபாய் ஆதாயம்!" குறையைக் குறையால் பெருக்கினால் மிகை வருவதன் பொருள் இதுவே. கடன் நீக்கப்படுவதே வரவு. மன்னிக்கப்பட்ட கடனாளியின் உவமையை ஆண்டவர் சொன்னதன் ஆழம் நமக்கே அன்று புதிதாகத் தோன்றியது.

குறை எண்ணில் தடுமாறியவன் அவன் ஒருவன் மட்டும் அல்லன். இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோ 1545 இல் வெளியிட்ட தம் பெருநூலில், குறை எண்ணாக வரும் விடைகளைப் புனைவானவை என்றே குறித்தார். இதை அவனிடம் சொன்னபோது, "அவ்வளவு பெரியவருக்குமா, சாமி?" என்று வியந்தான்.

அல்ஜீப்ரா என்னும் சொல்லின் வரலாறும் எண்ணத்தக்கது. பாக்தாது நகரில் ஏறத்தாழ 820 ஆம் ஆண்டில் அல்-குவாரிஸ்மி என்ற அறிஞர் எழுதிய நூலின் தலைப்பில் உள்ள 'அல்-ஜப்ர்' என்ற அரபுச் சொல்லே அதன் வேர். குறைந்ததை நிறைவு செய்தல், முறிந்ததைப் பொருத்துதல் என்பது அதன் பொருள். எசுப்பானிய நாட்டில் அச்சொல்லிலிருந்து பிறந்த 'அல்ஹெப்ரிஸ்தா' என்பது ஒரு காலத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியரைக் குறித்தது. முறிந்த எலும்பைக் கட்டுபவர் முதலில் என்ன செய்கிறார்? விரலால் மெல்லத் தடவி, முறிந்த இடம் எது என்று காண்கிறார். இடம் தெரியாமல் கட்டுப் போட்டால் கால் கோணலாகவே கூடும். நாம் முதல் நான்கு நாட்கள் போட்ட கட்டு அத்தகையதே.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்தது. நூற்றுக்கு 31 பெற்றான். தேர்ச்சிக்கு வேண்டியவை 35. ஆம், தோல்விதான். விடைத்தாளை எடுத்துக்கொண்டு தந்தையும் மகனும் பங்கு இல்லத்திற்கு வந்தனர். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்திருக்கிறார் என்றே அஞ்சினோம்.

அவர் தாளை நீட்டி, "இதில் எது சரி, எது தவறு என்று எனக்குத் தெரியாது சாமி. ஆனால் இவன் தனக்குத் தெரியும் என்கிறான்" என்றார். சிறுவன் தரையில் அமர்ந்து, தவறிய ஒரு சமன்பாட்டை எடுத்து, தான் எழுதிய விடையை எக்ஸின் இடத்தில் வைத்து, இரு பக்கமும் சமமாகவில்லை என்று தந்தைக்குக் காட்டினான். பின்னர் வரிவரியாக மேலே சென்று, "இதோ, இந்த வரியில் குறியை விட்டுவிட்டேன்" என்று விரலை வைத்தான். திருத்தி எழுதினான். மீண்டும் வைத்துப் பார்த்தான். சமமாக நின்றது.

தந்தை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இது ரசமட்டம் வைத்துப் பார்ப்பது போலல்லவா இருக்கிறது! மட்டம் பிசகினால் எந்த வரிசையில் பிசகியது என்று பார்த்து அதுவரை பிரிப்போம், முழுச் சுவரையும் இடிக்க மாட்டோம்" என்றார். சற்று நேரம் கழித்து, "அரையாண்டு வரை போகட்டும், சாமி" என்றார்.

இன்று அவன் பத்தாம் வகுப்பில் இருக்கிறான். அரசுத் தேர்வு முன்னே நிற்கிறது. தேறுவானா என்பதை இறைவன் அறிவார். ஆனால் 'எங்கள் பரம்பரைக்கே வராது' என்ற சொல் அவ்வீட்டில் இப்போது கேட்பதில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளை தவறான விடையோடு வரும்போது, உடனே திருத்தாதீர்கள், ஏசாதீர்கள். 'இது உனக்கு எப்படி வந்தது?' என்று அமைதியாகக் கேளுங்கள். நீங்கள் கணிதம் படித்திருக்க வேண்டுமென்பதில்லை. கேட்பதற்குக் காது போதும். சொல்லிக்கொண்டு வரும்போதே பல பிள்ளைகள் தம் தவறைத் தாமே கண்டுகொள்வர். பாடம் விட்டுப்போன நாட்கள் எவை என்று விசாரியுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. ஞாயிறு ஒருநாள் மூன்று மணி நேரம் வாட்டுவதைவிட, நாள்தோறும் அரைமணி நேரம் நன்று. 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். அச்சத்தில் உள்ள பிள்ளை 'புரிந்தது' என்றே சொல்லும். 'எனக்குச் சொல்லிக் காட்டு' என்று கேளுங்கள். அண்ணனோடும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள்.

கல்லூரியில் பயிலும் இளைஞரே, நங்கையரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1597 ஆம் ஆண்டு உரோமை நகரின் ஏழைப் பகுதியொன்றில், ஒரு பங்குக் கோவிலை ஒட்டிய அறைகளில் புனித யோசேப்பு கலசாந்தியுஸ் ஏழைச் சிறுவர்க்கு இலவசப் பள்ளி தொடங்கினார். நம் பங்குகளிலும் திண்ணைகள் உண்டு. மாலை நேரங்கள் உண்டு. வாரம் இரு மாலை, ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று முன்வந்தால் போதும். ஆனால் வரும்போது பெருமையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நம்மைப் போல் நான்கு நாட்களை வீணாக்க வேண்டாம்.

நாம் தவறும்போது நம்மை அறைந்து விரட்டாமல், தவறிய இடத்திற்கே இறங்கி வந்து கைபிடித்துத் தூக்கும் நல்லாயன், நம் வீடுகளில் கற்பிப்போர்க்குப் பொறுமையையும், கற்போர்க்குத் துணிவையும் அருள்வாராக.

உங்கள் அனைவர்க்கும் நம் ஆசீர்.